கழுவிய டிப்பும் பிசிஆரும்

மார்த்தாண்டம் கல்லூரி ஆய்வகத்தில் பிப்பெட் டிப்களை (திரவத்தை அளந்து எடுக்கும் கருவியில் மாட்டும் பிளாஸ்டிக் முனைகள்) கழுவி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்தும், பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) டிஎன்ஏ சேர்க்காத நெகட்டிவ் கன்ட்ரோலிலும் பேண்ட், அதாவது டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு, ஏன் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டோகிளேவ் கிருமிகளைக் கொல்லும். டிஎன்ஏவை முழுதாக அழிக்காது. எஞ்சும் துண்டுகளே பிசிஆருக்குப் போதும். பிசிஆருக்குப் புது ஃபில்டர் டிப்தான் (உள்ளே வடிகட்டி வைத்தது) வேண்டும், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) மட்டும் எடுத்த பாலிபுரொப்பிலீன் டிப்களைத் தாராளமாகத் திரும்பப் பயன்படுத்தலாம். காய விடாமல் சோப்புக் கரைசலில் போடுங்கள். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் அந்த இடம் அழுக்காகவே இருக்கும். பிப்பெட்டால் சோப்புக் கரைசலை உள்ளே இழுத்து வெளியே விடுங்கள். அப்புறம் பலமுறை அலசல், கடைசியில் டிஸ்டில்டு வாட்டர். வெறும் போர் தண்ணீரோடு நிறுத்தினால் உப்பு படியும். பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் டிப் அடுக்கிய ரேக் தானாகக் காயாது, 60 டிகிரி ஓவனில் உலர்த்துங்கள். நுனி வளைந்த டிப் அளவைக் கெடுக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.