அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். ஆபரேஷனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ரோபோ, இன்னொன்றில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்துச் செய்வது) என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் டாக்டர் இல்லை, யூராலஜி தியேட்டர் நர்ஸ். இரண்டு வகை ஆபரேஷனிலும் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

கட்டி தசை வரை இறங்கிவிட்டது, பையையே எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி வேலைதான் எடுப்பது: சிறுநீர்ப்பை, புராஸ்டேட், இடுப்பு நிணநீர்க் கணுக்கள். கைதேர்ந்தவர் இதை லேப்ராஸ்கோப்பியிலேயே சுத்தமாக முடித்துவிடுவார். மிச்சப் பாதிதான் பெண்டு நிமிர்த்தும். சிறுநீர் வெளியேறப் புது வழி அமைக்க, சிறுகுடலில் 15 - 20 செ.மீ. துண்டைப் பிரித்து, கிட்னியிலிருந்து வரும் மெல்லிய குழாய்கள் இரண்டையும் அதில் தைக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பிக் கருவி நீளக் குச்சி மாதிரி, அதன் முனை மணிக்கட்டு போல மடங்காது. ரோபோவின் கருவி மடங்கும், திரும்பும். அதையும் சர்ஜன்தான் கன்சோலில் உட்கார்ந்து இயக்குகிறார், தானாக எதையும் வெட்டாது. ஆக, ரோபோவால் முதலில் சுகப்படுவது சர்ஜனின் கை. ஆனால் குடல் தையலை ஒரு சிறு வெட்டு வழியாக வெளியே வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. அப்போது அந்த லாபமும் பெரும்பாலும் போய்விடும். உங்கள் டாக்டர் எப்படிச் செய்வார் என்று கேளுங்கள்.

நோயாளிக்கு என்ன லாபம்? லண்டனில் 60 பேரைத் திறந்த முறை (வயிற்றைப் பெரிதாக வெட்டிச் செய்வது), ரோபோ, லேப்ராஸ்கோப்பி என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் 30 நாளில் திறந்த முறையில் சிக்கல் அதிகம், லேப்ராஸ்கோப்பியில் குறைவு. 90 நாளில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். அமெரிக்காவில் 350 பேரிடம் ரோபோவையும் திறந்த முறையையும் ஒப்பிட்ட ரேஸர் ஆய்வில் (2018), இரண்டு வருடம் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோவில் 72.3 சதவீதம், திறந்த முறையில் 71.6 சதவீதம். ரோபோவில் ரத்தம் குறைவாகப் போனது, ஆபரேஷன் நேரம் கூடியது.

அதனால் பில்லில் உள்ள வித்தியாசத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் ரோபோவுக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்று பாலிசியைப் பாருங்கள். சர்ஜனிடம், "இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ரோபோவில் புராஸ்டேட் நிறைய செய்தவர் என்பது வேறு, பையை எடுத்துக் குடல் தைத்துப் பழகியவர் என்பது வேறு. அப்புறம், ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிட்னி தாங்கும் என்றால், சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கலந்த கீமோ ஆயுளைக் கூட்டும் என்பது நிரூபணமான விஷயம். ரோபோவுக்கு அப்படி ஒரு நிரூபணம் இல்லை.

எந்த முறையானாலும், வயிற்றில் சிறுநீர் வெளிவரத் துளை வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒட்டுவதாக இருந்தால் அந்த இடத்தை முன்கூட்டியே பேனாவால் குறிப்பார்கள். அப்பாவைப் படுக்கவைத்து மட்டும் குறிக்க விடாதீர்கள். உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டில் கட்டுகிற வேட்டியையே கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இடுப்புக்கட்டு விழும் இடத்தில் துளை அமைந்தால் பை சரியாக ஒட்டாது, கசிந்துகொண்டே இருக்கும்.