மாத்திரை எந்தப் படியில் நின்றது?
அரசு நிர்வாகம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை மாதக் கடைசியில் இருப்பதே இல்லை. கேட்டால், 'மேலேயிருந்து வரலை' என்கிறார்கள். நிதி போதவில்லை என்பதுதானே காரணம்? இதையெல்லாம் சரிசெய்வதற்கென்றே இருக்கும் நிபுணர்கள் எங்கிருந்து தொடங்குவார்கள்?
— வாசகி, விருத்தாசலம்

நிதியிலிருந்து தொடங்க மாட்டார்கள். கூடுதல் பணம் கேட்டுக் கோப்பு அனுப்புவது சுலபம். பணம் வந்த பிறகும் அதே அலமாரி காலியாக இருந்தால்தான் சங்கடம். முதல் வேலை, மாத்திரை எந்தப் படியில் நின்றது என்று பார்ப்பது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கிய நிறுவனம். மாநிலத்துக்கே ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் என்பது அதன் அமைப்பு. பாஸ்புக்கில் அந்த நிலையத்துக்கான ஆண்டு ஒதுக்கீடு ரூபாயில் இருக்கும். எடுக்கும் மருந்தின் விலை அதில் கழிந்துகொண்டே வரும். 'இந்த மருந்து இத்தனை' என்று மேலிருந்து யாரும் திணிப்பதில்லை. தனக்கு எது வேண்டுமோ அதை நிலையமே கேட்டு எடுக்கலாம். பிற்பாடு வேறு சில மாநிலங்களும் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கென்று கழகம் அமைத்தன.

ஆகவே உங்கள் ஊர் நிலையத்தில் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இல்லையென்றால் கேள்விகள் இந்த வரிசையில் வரும். அதே நாளில் மாவட்டக் கிடங்கில் இருந்ததா? இருந்தது என்றால் கோளாறு நிலையத்தின் இண்டென்டில், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியலில், அல்லது வண்டியில். கிடங்கிலும் இல்லையா? வந்து இறங்கியும் தரப் பரிசோதனை முடியாமல் தனியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை ஒரு அட்டைகூட வெளியே போகாது. இது தேவையான தாமதம். இதைக் கணக்கில் சேர்க்காமல் ஆர்டர் போடுவதுதான் தப்பு. பேட்ச்சே வரவில்லை என்றால் டெண்டரைப் பார்க்க வேண்டும். தங்களுக்கே கட்டுப்படியாகாத குறைந்த விலை போட்டு ஆர்டரைப் பிடித்துவிட்டு, பிறகு கைவிரிக்கும் கம்பெனிகள் உண்டு. அதற்காகத்தான் குறைந்தபட்ச விற்றுமுதல் நிபந்தனை, தாமதத்துக்கு அபராதம், கறுப்புப் பட்டியல் எல்லாம். அதே குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் இரண்டாவது, மூன்றாவது கம்பெனிக்கும் ஆர்டரில் பங்கு கொடுத்து வைப்பது இன்னொரு காப்பு. அரசு பில்லைத் தாமதித்தால் நல்ல கம்பெனி அடுத்த டெண்டருக்கு வராது, வந்தாலும் விலையை ஏற்றிப் போடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஆண்டுதோறும் தட்டுப்பாடு வந்தால், பெரும்பாலும் குற்றவாளி ஒரு சாதாரண வகுத்தல் கணக்கு. ஒரு நிலையம் போன வருடம் 9,000 மாத்திரை கொடுத்தது என்று பதிவேடு சொல்கிறது. இந்த வருடமும் 9,000 கேட்கிறார்கள். ஆனால் போன வருடம் 3 மாதம் இருப்பே இல்லை. அந்த 9,000-ம் 9 மாதத்தில் போனவை. மாதம் 1,000 என்றால் உண்மையான தேவை 12,000. இருப்பு இல்லாத மாதங்களை 'தேவை இல்லாத மாதங்கள்' என்று பதிவேடு படித்துவிடுகிறது. இல்லாத மருந்துக்கு அலைவானேன் என்று நோயாளி வேறு இடம் போய்விட்டால், கணக்கு இன்னும் கீழே இறங்கும். வழங்கிய அளவை, இருப்பு இருந்த நாட்களால் வகுத்து, 365-ஆல் பெருக்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்துக்கு அரசாணைகூடத் தேவையில்லை.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. பாஸ்புக்கில் மிச்சமிருக்கும் தொகை வீணாகிவிடுமே என்று மார்ச்சில் எதையாவது அள்ளி வைப்பார்கள். மறுவருடம் அது காலாவதிப் பெட்டியில் கிடக்கும். தட்டுப்பாடும் காலாவதியும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்துத் தெரிந்தால், நிதிக் குறை அல்ல என்று அடித்துச் சொல்லலாம்.

கேள்வி: மகளிர் உரிமைத் தொகைக்கு மின்சார யூனிட்டைப் பார்த்தது ஏன்? வசதியை அளக்க வேறு வழியே இல்லையா?
— வாசகர், திருச்சி

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று அளவுகள் வைத்தார்கள். இதில் வருமானம் சொல்பவர் வாக்கு. சம்பளச் சீட்டு இல்லாத வீட்டில் யார் எப்படிச் சரிபார்ப்பது? மின்சாரம் அப்படியல்ல: கணக்கு ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது, மறைப்பது கடினம், வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டாம். அளவுகோல் தேடுபவர்கள் விரும்புவது இதைத்தான்.

3,600 என்றால் இரண்டு மாத பில்லில் சராசரியாக 600 யூனிட். ஏசி ஓடாத சிறு குடும்பத்துக்குத் தாராளம். சிக்கல் எங்கே என்றால், ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் வீட்டில். அண்ணன் தம்பி தனித்தனி ரேஷன் கார்டு, மீட்டர் மட்டும் அப்பா பெயரில். அல்லது ஒண்டுக் குடித்தனத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. மீட்டர் அளப்பது கட்டடத்தை, குடும்பத்தை அல்ல.

எந்த அளவுகோலிலும் இரண்டு பிழை வரும்: தகுதியுள்ளவர் விடுபடுவது, தகுதியில்லாதவர் நுழைவது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எதைப் பொறுத்துக்கொள்வது என்பது அரசியல் முடிவு. அதைக் கணக்குப்பிள்ளையிடம் தள்ளிவிட முடியாது. ரேஷனில் தமிழ்நாடு இன்னொரு வழியில் போனது. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்துப் பிரித்தபோது, இங்கே எல்லாருக்குமான விநியோகத்தையே வைத்துக்கொண்டார்கள். வசதியுள்ள பலர் தாமாகவே அரிசி வாங்காமல் விட்டுவிடுவார்கள் என்பது அதன் உள்கணக்கு. ரொக்கத்தில் அது நடக்காது. ஆயிரம் ரூபாயை யார் வேண்டாம் என்பார்கள்?

அதனால் ரொக்கத் திட்டத்தில் மேல்முறையீடுதான் உயிர்நாடி. நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு முறையிட வழி வைத்தார்கள். முறையீட்டில் 'நான் ஏழை' என்று எழுதிப் பயனில்லை. எந்த அளவில் நிராகரித்தார்களோ அதற்கு மட்டும் பதில் தேவை: மீட்டர் என்றால் அதில் எத்தனை குடும்ப அட்டைகள் என்பதற்கான ஆதாரம்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் 'முதற்கட்டமாக' என்று சில இடங்களில் மட்டும் தொடங்குகிறார்களே, காலம் கடத்தவா?
— வாசகர், தேனி

சில நேரம் அப்படியும்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது; அந்த இடைவெளியில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. குழந்தைக்கு 50 கிராம் தானியம், 15 கிராம் பருப்பு என்றால் 40 பிள்ளைகளுக்கு 2 கிலோ ரவை, 600 கிராம் பருப்பு. இந்தக் கணக்கை மேஜையில் போட்டுவிடலாம். மாதம் இருபதாம் தேதி சிலிண்டர் தீர்ந்தால் மாற்றுவதற்கு யார் கையில் பணம் இருக்கும் என்பதை மேஜையில் கண்டுபிடிக்க முடியாது. முன்னோட்டம் பொய்யாவது ஓரிடத்தில்: கலெக்டர் தினமும் போனில் விசாரிக்கும் பள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் எல்லாமே வெற்றிதான். தார்ச்சாலை இல்லாத மலைக் கிராமம் ஒன்றாவது முதல் பட்டியலில் இருக்க வேண்டும்.

கேள்வி: திங்கட்கிழமை மனு கொடுத்தேன். 'தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது' என்று செய்தி வந்தது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை!
— வாசகி, ராமநாதபுரம்

தீர்ந்தது மனு; விளக்கு அல்ல. எத்தனை மனு முடித்தாய் என்று கேட்டால் முடித்த மனுக்கள்தான் வரும். 'தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது' என்பதும் அந்தக் கணக்கில் முடிவு. விவரம் தெரிந்த அதிகாரிகள் மொத்த எண்ணிக்கையை நம்புவதில்லை. முடிந்ததாகக் காட்டிய மனுக்களில் வாரம் 20-ஐக் குருட்டாம்போக்கில் எடுத்து, அந்தத் துறையைச் சேராத ஒருவரை விட்டு மனுதாரருக்கே போன் போடச் சொல்வார்கள். அடுத்த முறை மனுவில் மின்கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள். கம்ப எண் இல்லாத மனுவை 'இடம் கண்டறிய இயலவில்லை' என்று மூடுவது மிகச் சுலபம்.