புயல் ராத்திரியில் ரேடியோ பெட்டி

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், டெல்டா கடற்கரைப் பகுதியில் வானொலி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

ஐப்பசி பிறந்தாலே கேள்விகள் குவிகின்றன. பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, செல்போனிலேயே ரேடார் படம் வருகிறது. புயல் நேரத்தில் ரேடியோவை இனி யார் கேட்பார்கள்?
– மன்னார்குடி வாசகர்

கரண்ட் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கேள்வி மன்னார்குடியிலிருந்து வந்திருப்பதுதான் ஆச்சரியம். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் காசு கொடுத்து செல்போனுக்கு சார்ஜ் ஏற்றினோமே, மறந்துவிட்டதா? சார்ஜ் ஏறினாலும் டவர் வேலை செய்ய வேண்டும். அந்த டவருக்கு டீசல் கொண்டுபோக வேண்டிய சாலையில் தென்னை மரங்கள் குறுக்கே கிடக்கும். ரேடியோ விஷயம் வேறு. ஒரு ட்ரான்ஸ்மிட்டரும் ஒரு ஜெனரேட்டரும் ஓடினால் ஒரு மாவட்டத்துக்கே கேட்கும். கேட்பவருக்குத் தேவை இரண்டு பேட்டரி கட்டை.

புயல் கரையைக் கடக்கும் ராத்திரியில் நிலையத்துக்குள் என்ன நடக்கும்?
– சீர்காழி வாசகி

பரபரப்பாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் சலிப்பான வேலை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பகலிலேயே ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று டியூட்டி ஆபீசர் எழுதி வைப்பார். ராத்திரி ஷிப்ட் ஆட்கள் சாயங்காலமே பிரெட், பிஸ்கெட், மாற்றுத் துணியோடு வந்துவிடுவார்கள், ஏனென்றால் மறுநாள் ஷிப்ட் ஆள் வந்து சேருவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டெலிபோனில் வரும். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, திரும்பப் படித்துக் காட்டுவார். அப்புறம் ஃபேக்ஸ், அப்புறம் மின்னஞ்சல். எப்படி வந்தாலும் அது ஒரே நீளமான வாக்கியம். எந்தக் கடலில் நிலைகொண்டிருக்கிறது, மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் நகர்கிறது, எந்த ஊருக்குத் தென்கிழக்கே எத்தனை கிலோமீட்டர் என்று மூச்சு விடாமல் போகும். அதை அப்படியே படித்தால் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெண்ணுக்கு என்ன புரியும்? பென்சிலை எடுத்து வாக்கியத்தை உடைப்பேன். எண்ணிலும் பொருளிலும் கை வைக்கக் கூடாது. வரிசையை மட்டும் மாற்றலாம். காகிதத்தில் கடைசியாக இருக்கும் ஊர்ப் பெயர், மைக்கில் முதலில் வரும். ஏறக்குறைய இப்படி:

“மணி ராத்திரி பத்து. புயல் இன்னும் கரையைக் கடக்கவில்லை. கோடியக்கரை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், வானவன்மாதேவி, விழுந்தமாவடி. இந்த ஊர்களில் கூரை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ இருப்பவர்கள் இப்போதே பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ போய்விடுங்கள். திரும்பச் சொல்கிறேன். கோடியக்கரை, புஷ்பவனம்...”

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் முதல் மூன்று சொற்கள், “மணி ராத்திரி பத்து”. நேரத்தைச் சொல்லாமல் எச்சரிக்கை படிப்பது ஆபத்து. நடுவில் ரேடியோவைத் திருப்புகிறவருக்கு அது இப்போதைய செய்தியா, ஆறு மணிக்குப் படித்ததா என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் போன வருஷத்துப் புயல் எச்சரிக்கை இந்த வருஷம் சுற்றுவதும் இதனால்தான். அதில் தேதி இருக்காது.

அடுத்தது, காற்று நிற்கும் நேரம். புயலின் கண் ஊருக்கு மேல் வரும்போது எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். மாட்டைப் பார்க்க, கூரையைப் பார்க்க என்று ஜனங்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று திருப்பி அடிக்கும். முதல் காற்றில் ஆடிப்போன மரமும் சுவரும் இரண்டாவது காற்றில் விழும். அந்த இடைவேளையில் அறிவிப்பாளர் பாட்டுப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. “வெளியே வராதீர்கள், இன்னும் முடியவில்லை” என்று அவர் விடாமல் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றினால் நான் என்ன செய்ய வேண்டும்?
– கடலூர் வாசகர்

நீங்கள் கப்பல் ஓட்டவில்லை என்றால், ஒன்றும் செய்ய வேண்டாம். கூண்டு கப்பல்களுக்கும் துறைமுகத்துக்குமானது. 1, 2 என்றால் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே மோசமான வானிலைக்கு வாய்ப்பு. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை வைத்து எண் மாறும். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வீட்டில் இருப்பவர் கேட்க வேண்டியது, நம் தாலுகாவுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதைத்தான்.

ரெட் அலர்ட் என்றால் ஸ்கூல் லீவு உறுதியா அத்தை?
– பத்தாம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி

லீவு கலெக்டர் கையில் இருக்கிறது தம்பி. ஆனால் நீ தூத்துக்குடிக்காரன், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் போனால் அதிகனமழை. அளவுகோல் அத்தோடு முடிந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரில் 69. உங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஆனால் 21 செ.மீ.க்கும் அதிகனமழைதான், 95க்கும் அதிகனமழைதான். நிறமும் ஒரே சிவப்புதான்.

உள்ளூர் வானொலி வேலைக்கு வருவது இந்த இடத்தில்தான். தாமிரபரணிக் கரையில் இருப்பவருக்கு செ.மீ. கணக்கு போதாது. ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது, ஏரல் பக்கம் எந்தச் சாலை மூழ்கியிருக்கிறது, எந்த வழியாகப் போனால் மேட்டுக்குப் போகலாம் என்று சொல்ல, அந்த ஊர்களுக்குப் போய்வந்த ஆள் மைக் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். தலைநகரத்திலிருந்து எல்லா நிலையங்களுக்கும் ஒரே நிகழ்ச்சியை அனுப்புவது சிக்கனம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்தால் நல்லது.

தனியார் எஃப்.எம்.களில் செய்தியே கிடையாது. பேரிடர் நேரத்திலும் பாட்டும் அரட்டையும்தானா?
– திருச்சி வாசகர்

அவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் விதியைப் பாருங்கள். தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தயாரிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். ஆனால் வானிலை, போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், உள்ளூர் நிர்வாகம் தரும் இயற்கைப் பேரிடர் அறிவிப்பு, இவையெல்லாம் ‘செய்தி’ இல்லை என்று மத்திய அரசின் 2011 பண்பலைக் கொள்கையே சொல்லிவிட்டது. அதனால் சட்டம் அவர்கள் கையைக் கட்டவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, உதவி கேட்பவர்களையும் கொடுப்பவர்களையும் சேர்த்துவைத்த ஆர்.ஜே.க்கள் உண்டு. தொண்டை கட்டியபிறகும் பேசினார்கள். எனக்கு அவர்களுடைய தமிழின் மேல் ஆயிரம் புகார் உண்டு, அந்த வாரத்தைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

வதந்தி பரவினால் வானொலியில் எப்படி மறுப்பீர்கள்?
– சென்னை ஜாபர்கான்பேட்டை வாசகி

அந்த 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி ஓடியதே, பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டியதாயிற்று. மறுக்கிறவர் செய்கிற தப்பு என்னவென்றால், “முதலைகள் தப்பிவிட்டதாக வரும் தகவல்...” என்று ஆரம்பிப்பது. இரைச்சலில் பாதி கேட்பவர் காதில் விழுவது அந்த முன்பாதிதான். அதனால் முதலில் உண்மை: “முதலைகள் எல்லாம் பண்ணையில்தான் இருக்கின்றன.” அத்தோடு நிறுத்த வேண்டும்.

வதந்திக்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் புரியாத உண்மை. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். எண் சரிதான். ஆனால் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருக்கும் உங்களுக்கு 29,000 என்றால் என்ன, 9,000 என்றால் என்ன? “அடையாற்றின் இரண்டு கரையிலும் தரைத்தளத்தில் இருப்பவர்கள் இப்போதே மாடிக்குப் போங்கள்” என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அந்த வாக்கியம் சொல்லப்படாத இடத்தில் ஏரி உடைந்தது, அணை உடைந்தது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

ஒக்கியில் என் தம்பியோடு போன படகு திரும்பவில்லை. வானொலி எங்களுக்கு என்ன செய்தது?
– குமரி மாவட்ட மீனவர்

அண்ணே, இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக்குப் பக்கத்திலேயே, மிகக் குறைந்த நேரத்தில் புயலாக வலுத்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. பண்பலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். படகில் இருக்கும் வி.எச்.எஃப். என்ற வயர்லெஸ் கருவியும் கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டருக்கு மேல் பேசாது. மத்திய அலை (மீடியம் வேவ்) கடல்மேல் இன்னும் தூரம் போகும் என்றாலும் லட்சத்தீவுப் பக்கம் மீன் பிடிப்பவரை அதை நம்பி விட முடியாது. ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழிதான் வழி. ஒக்கிக்குப் பிறகு 2019இல் ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் ‘ஜெமினி’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் வழியாக செல்போனில் காட்டும். அது ஒருவழிதான், நீங்கள் ஆபத்து என்று திருப்பிச் சொல்ல முடியாது. உங்கள் சங்கம் படகுக்குப் படகு கேட்டு வாங்க வேண்டியது, இரண்டு பக்கமும் பேசும் கருவி. வானொலி கரைக்காரர்களுக்கும், காலையில் போய் மாலையில் திரும்பும் வள்ளத்துக்கும் போதும். உங்களுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சமுதாய வானொலி என்கிறார்களே, அது புயலுக்கு உதவுமா?
– ராமேஸ்வரம் வாசகர்

உங்கள் பாம்பனிலேயே ‘கடல் ஓசை’ 90.4 இருக்கிறதே, 2016இல் மீனவர்களுக்காகவே தொடங்கியது. உள்ளூர் மக்களுக்கென்று நடக்கும் சின்ன நிலையம்தான் சமுதாய வானொலி. அதன் சக்தி அதிகபட்சம் 100 வாட், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த எல்லைக்குள் அலை எப்படி, காற்று எப்படி, இன்று கடலுக்குப் போகலாமா என்று அதே ஊர்ப் பேச்சில் கேட்கலாம். தினமும் கேட்டுப் பழகிய குரல் “போகாதீங்க” என்றால் நின்று கேட்பார்கள். அதிகாரி சொன்னால் ‘ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொல்றாங்க’ என்று வலையைத் தூக்குவார்கள்.

அமெரிக்காவில் எல்லாம் எப்படி?
– கும்பகோணம் வாசகர்

அங்கே வானிலைக்கென்றே தனி வானொலி உண்டு. 162 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏழு அலைவரிசை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரான்ஸ்மிட்டர். அதற்கான பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினால் சூறாவளி எச்சரிக்கை வந்ததும் தானே அலறி எழுப்பும். எனக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது, அதுவரை விளம்பரத்துக்காக அடித்துக்கொண்டிருந்த நிலையங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒலிபரப்பு நடத்தின. டபிள்யூ.டபிள்யூ.எல். 870 என்ற 50,000 வாட் நிலையம் அதற்கு முதுகெலும்பு. மாடியில் தண்ணீர் சூழ மாட்டிக்கொண்டவர்கள் அதற்குப் போன் செய்து விலாசம் சொன்னார்கள். நம் ஊரில் போட்டி நிலையங்கள் இப்படிச் சேருமா? முதலில் ஒரே மேடையில் உட்காருகிறார்களா பார்ப்போம்.

எச்சரிக்கைக்கு நடுவில் பாட்டுப் போடலாமா?
– நாகப்பட்டினம் வாசகி

கட்டாயம் போட வேண்டும். ராத்திரி முழுக்க எச்சரிக்கையே படித்தால் பயத்தில் பெட்டியை அணைத்துவிடுவார்கள். பெட்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த அறிவிப்பு காதில் விழும். தயவுசெய்து மழைப் பாட்டு மட்டும் வேண்டாம். அறிவிப்புக்கு அடியில் திடும் திடுமென்று திகில் இசை போடுவதும் வேண்டாம், அதை டிவிக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

என்ன ரேடியோ வாங்கட்டும்?
– பட்டுக்கோட்டை வாசகர்

பேட்டரி கட்டையில் ஓடுகிற, பண்பலையும் மத்திய அலையும் இரண்டும் எடுக்கிற சாதாரணப் பெட்டி போதும். சார்ஜ் மட்டும் போடுகிற மாடல் வேண்டாம். கட்டையைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் கசிந்து கெட்டுப்போகும், தனியாக பிளாஸ்டிக் பையில் வையுங்கள். உங்கள் செல்போனில் எஃப்.எம். இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வசதியை முடக்கி வைக்காதீர்கள் என்று போன் கம்பெனிகளுக்கு மத்திய அரசு 2023இல் அறிவுறுத்தியது, பேரிடரையும் ஒரு காரணமாகச் சொல்லி. நெட் வேண்டாம், ஆனால் பெரும்பாலான போன்களுக்கு வயர் வைத்த ஹெட்போன் வேண்டும். அந்த வயர்தான் ஏரியல். மழைக்கு முன்பே உங்கள் பகுதி நிலையத்தைப் பிடித்து, அலைவரிசை எண்ணைப் பெட்டியின் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். கூடவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

இன்னும் இருக்கும் கேள்விகளுக்கு அடுத்த இதழில்.