டஸ்கனில பழைய ஃபியட் 500 ஓட்டிக்கிட்டு ஒயின் டூர் போறது வொர்த்தா?

நீங்க கேட்டிருக்கறது இதுதான்: கல்யாண நாளுக்கு ரெண்டு பேரும் இத்தாலி போறீங்க, ஃப்ளாரன்ஸ்ல தங்கறீங்க, அங்கிருந்து பழைய ஃபியட் 500 காரை நீங்களே ஓட்டிக்கிட்டு கியான்டி மலைப்பக்கம் போய் சாப்பாடு, ஒயின் டேஸ்டிங் எல்லாம் சேர்ந்த ஒரு நாள் டூர். மனைவி சைவம், நீங்க ஒயின் குடிப்பீங்க, ஓட்டப்போறதும் நீங்கதான். இதுக்கு அவ்ளோ செலவு பண்ணலாமா, இல்ல பஸ்ல கூட்டிட்டுப் போற ஒயின் டூரே போதுமா?

பண்ணலாம், தாராளமா. ஆனா எதுக்காகப் போறீங்கன்னு முதல்ல தெளிவா முடிவு பண்ணிக்கோங்க. ஒயின்தான் முக்கியம்னா பஸ் டூரே நல்லது, வேற ஒருத்தர் ஓட்டுவார், நீங்க நிம்மதியா குடிக்கலாம். அந்தக் காரும் அந்த ரோடும்தான் ஆசைன்னா செல்ஃப் டிரைவ் போங்க, ஒயினை ராத்திரிக்கு தள்ளி வெச்சுடுங்க. ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே பகல்ல முழுசா கிடைக்காது. நாங்க போனப்ப ஓட்டினது நான், குடிச்சது என் வீட்டுக்காரர், இதை கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுட்டோம், அதனால அங்க போய் ஒரு சங்கடமும் இல்லாம நாள் முழுக்க சந்தோஷமா போச்சு.

காரைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா படத்துல பாத்துட்டு பொம்மை மாதிரி இருக்கு, ஈஸியா ஓட்டிடலாம்னு நிறைய பேர் நெனச்சுட்டுப் போறாங்க. இது 1957ல வந்த நுவோவா 500, டிசைன் பண்ணினவர் டான்டே ஜகோசா. போருக்கு அப்புறம் ஸ்கூட்டர்ல போயிட்டிருந்த இத்தாலிக்காரங்க குடும்பத்தோட போக ஒரு சின்ன கார் வேணும்னு உருவாக்கினது, 1975 வரைக்கும் தயாரிச்சாங்க. நீளம் மூணு மீட்டர்கூட இல்லை. என்ஜின் பின்னாடி, ரெண்டே சிலிண்டர், காத்துலயே குளிர்றது, ரேடியேட்டரே கிடையாது. ஆரம்பத்துல 479 சி.சி., 13 ஹெச்.பி., அப்புறம் 499 சி.சி. ஆக்கி 18 ஹெச்.பி. வரைக்கும் கொண்டு வந்தாங்க. இன்னைக்கு வர்ற 350 சி.சி. புல்லட்டே சுமார் 20 ஹெச்.பி. தருது, அதைவிடக் கம்மி சக்தில ஒரு கார் ரெண்டு பேரைத் தூக்கிட்டு மலை ஏறுதுன்னா எவ்ளோ பொறுமையா ஏறும்னு பாத்துக்கோங்க. டூருக்குக் குடுக்கறது பெரும்பாலும் 60கள் கடைசி, 70கள் ஆரம்பத்து வண்டிங்கதான்.

ஸ்டார்ட் பண்றதே வேற மாதிரி. சாவியைத் திருப்பினா கரண்ட் மட்டும்தான் வரும், என்ஜின் கிளம்பாது. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கீழ சின்னதா ரெண்டு லீவர் இருக்கும், ஒண்ணு சோக், இன்னொண்ணு ஸ்டார்ட்டர், அந்த ஸ்டார்ட்டரைக் கையால இழுத்தாதான் பின்னாடி படபடன்னு உயிர் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

இனி கியர். இதுதான் முக்கியமான விஷயம், நிதானமா படிங்க. இந்த கியர்பாக்ஸ்ல சிங்க்ரோமெஷ் கிடையாது. நாம இன்னைக்கு ஓட்டற கார்ல கியர் மாத்தும்போது உள்ள சுத்தற பல்லுங்களோட வேகத்தை சமப்படுத்தி சேத்து விடறதுக்குன்னு தனி அமைப்பு இருக்கும், அதனால கிளட்ச்சை மிதிச்சு தள்ளினா போதும். இதுல அந்த வேலையை நம்ம காலு செய்யணும். மேல் கியர் போடும்போது கிளட்ச் மிதிச்சு நியூட்ரல்ல கொண்டுவந்து ஒரு நொடி நின்னு அப்புறம் தள்ளினா சாதுவா விழுந்துடும். கீழ் கியர்தான் கஷ்டம்: கிளட்ச் மிதிங்க, நியூட்ரலுக்கு வாங்க, கிளட்ச்சை விடுங்க, ஆக்ஸிலேட்டரை லேசா ஒரு தட்டு தட்டுங்க, திரும்ப கிளட்ச் மிதிச்சு கீழ் கியரைப் போடுங்க. இதுதான் டபுள் கிளட்ச், பழைய லாரி டிரைவர்களைக் கேட்டா தூக்கத்துல கூட சொல்லுவாங்க. முதல் கியரை வண்டி முழுசா நின்னப்புறம் போடறது நல்லது. கிளம்பறதுக்கு முன்னாடி டூர்க்காரங்க ஒரு காலி இடத்துல பழக்கி விடுவாங்க, அப்ப வெக்கப்படாம திருப்பித் திருப்பிக் கேட்டு கைக்கு வர்ற வரைக்கும் பண்ணுங்க. நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு, அங்க ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு வரும், வண்டி ரோட்டுக்கு வலப்பக்கமா போகணும், இது மூணும் சேர்ந்து டபுள் கிளட்ச்சும் சேரும்போது முதல் அரை மணி நேரம் மூளைக்கு நல்ல வேலைதான், அதுக்கப்புறம் கை தானா போகும். ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகினவங்க தயவுசெஞ்சு இதை அங்க போய் முதல் தடவையா முயற்சி பண்ண வேணாம்.

பிரேக் நாலும் டிரம், பூஸ்டர் கிடையாது, அதனால நல்லா அழுத்தி மிதிக்கணும், முன்னாடி வண்டிக்கு நிறைய இடைவெளி விடணும். இறக்கத்துல பிரேக்கையே நம்பாம இறங்கறதுக்கு முன்னாடியே கீழ் கியருக்கு வந்துடுங்க, பாதி இறக்கத்துல கியர் விழலைன்னா வண்டி நியூட்ரல்ல உருள ஆரம்பிச்சுடும். நிறைய பழைய வண்டில சீட் பெல்ட் இருக்காது, அதனால சின்னக் குழந்தைங்களோட வர்றதா இருந்தா நான் இதை சொல்லவே மாட்டேன். நீங்க ரெண்டு பேர்தான்ங்கறதால பரவால்ல, இருந்தாலும் பெல்ட் உள்ள வண்டி இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

இவ்ளோ பாடு எதுக்குன்னு தோணும். சொல்றேன். ஃப்ளாரன்ஸ்லேர்ந்து சியனாவுக்கு எஸ்.ஆர். 222ன்னு ஒரு பழைய ரோடு போகுது, கியான்டிஜானான்னு சொல்லுவாங்க, கிரேவே, பான்சானோ, காஸ்டெல்லினா வழியா வளைஞ்சு வளைஞ்சு ஏறி இறங்கற ரோடு. நல்ல புது கார்ல 80ல போனா இது வெறும் வளைவுதான். ஃபியட் 500ல 40, 50லதான் போவீங்க, மேல கித்தான் கூரையை சுருட்டி விட்டுட்டா வானம் தலைக்கு மேல, ஒரு பக்கம் திராட்சை வரிசை, இன்னொரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னற ஆலிவ் மரம், நடுநடுவுல சைப்ரஸ் மரம், வெட்டின புல்லோட வாசனை, யாரோ வீட்டுல விறகு எரியற வாசனை எல்லாம் காருக்குள்ளயே வரும். ஊருக்குள்ள நுழைஞ்சா வயசானவங்க நின்னு கையாட்டறாங்க, அவங்க அப்பா வெச்சிருந்த காரு, அவங்க முதல்ல ஓட்டிப் பழகின காரு அது. பஸ் டூர்ல போறவங்களுக்கு இந்த மரியாதை கிடைக்காது. மெதுவா போனாதான் அந்த நாடு கண்ணுக்குத் தெரியுது, இந்தக் கார்ல மெதுவா மட்டும்தான் போக முடியும், அதனாலதான் நான் இதுக்கு காசு குடுக்கலாம்னு அடிச்சு சொல்றேன்.

சில டூர்ல ஸ்ட்ராடே பியாங்கேன்னு வெள்ளை ஜல்லி மண் ரோட்டுலயும் கூட்டிட்டுப் போவாங்க. அழகா இருக்கும், ஆனா முன்னாடி வண்டி கிளப்பற புழுதி முழுக்க உங்க மேலதான், கண்ணாடியும் தலைக்கு ஒரு துணியும் எடுத்துக்கோங்க.

குடிக்கற விஷயம். இத்தாலில ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரைக்கும்தான் அனுமதி, லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகாதவங்களுக்கும் 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் ஜீரோ. டேஸ்டிங்தானே, ஒரு வாய் ஒரு வாய்தானேன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு 40 மில்லி ஊத்தினாங்கன்னு வைங்க, நாலு வகை ருசி பாத்தா 160 மில்லி, 13, 14 சதவீத ஒயின், அம்பது கிலோ எடை உள்ள ஒருத்தர் வெறும் வயித்துல அதைக் குடிச்சா 0.5ஐத் தாண்டிடலாம். எடை கூட இருந்தா தாண்டாம இருக்கலாம், ஆனா அந்த பிரேக்கோட, அந்த கியர்பாக்ஸோட, தெரியாத மலை ரோட்டுல அந்தக் கணக்கெல்லாம் போடவே கூடாதுங்கறது என் கட்சி. ருசி பாக்கணும்னு ஆசையா இருந்தா வாயில வெச்சு சுழட்டிட்டு துப்பிடுங்க, அதுக்குன்னே பாத்திரம் வெச்சிருப்பாங்க, ஒயின் தொழில்ல இருக்கறவங்களே அப்படித்தான் பண்ணுவாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கடைசில கான்டூச்சின்னு பாதாம் பிஸ்கட்டோட ஒரு இனிப்பு ஒயின் தருவாங்க, வின் சான்டோ, அதுல தோய்ச்சு சாப்பிடறது வழக்கம், இனிப்பா இருக்கேன்னு டிரைவர் அதையும் குடிச்சுட வேணாம், அதுல ஆல்கஹால் இன்னும் கூட. உங்க மனைவிக்கும் லைசென்ஸ் இருந்தா டேஸ்டிங்குக்கு அப்புறம் அவங்க ஓட்டட்டும், ஆனா புக் பண்ணும்போதே ரெண்டு பேரையும் டிரைவரா பதிஞ்சாதான் இன்ஷூரன்ஸ் செல்லும்.

ஒயினைப் பத்தி இவ்ளோ தெரிஞ்சுட்டுப் போனா போதும். கியான்டி வேற, கியான்டி கிளாசிகோ வேற. கிளாசிகோங்கறது ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவுல இருக்கற பழைய பகுதி, 1716லயே, அப்ப டஸ்கனியை ஆண்ட மெடிச்சி வம்சத்து மூணாம் கோசிமோ எல்லை போட்டுக் குடுத்தது. பாட்டில்ல கறுப்பு சேவல் முத்திரை இருக்கும், குறைஞ்சது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை இருக்கணும்னு சட்டம். சேவலுக்கு ஒரு கதை சொல்லுவாங்க: எல்லைச் சண்டையைத் தீக்க ரெண்டு ஊர்லேர்ந்தும் சேவல் கூவினதும் ஒரு குதிரைவீரன் கிளம்பணும், ரெண்டு பேரும் சந்திக்கற இடம் எல்லைன்னு ஒப்பந்தம், ஃப்ளாரன்ஸ்காரங்க ஒரு கறுப்பு சேவலைப் பட்டினி போட்டாங்களாம், அது பசில விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கூவிடுச்சாம், அவங்க ஆள் சியனா பக்கத்துல ஃபோன்டெருடோலி வரைக்கும் போயிட்டானாம். காஸ்டெல்லினா தாண்டி போனா அந்த ஊரைப் பாக்கலாம்.

சாப்பாட்டுல உங்க மனைவிக்கு குறை இருக்காது, ஆனா முன்னாடியே எழுதி சொல்லணும். தக்காளியும் பழைய ரொட்டியும் போட்டு கிண்டற பாப்பா அல் பொமொடோரோ, பீன்ஸும் கருப்புக் கீரையும் ரொட்டியும் சேர்ற ரிபொல்லிட்டா ரெண்டும் கிராமத்து ஏழை சாப்பாடு, மேல புது ஆலிவ் எண்ணெய் ஊத்தித் தருவாங்க, அவ்ளோ ருசி. எதுல வேகவெச்சாங்கன்னு மட்டும் கேட்டுக்கோங்க, இறைச்சி வேகவெச்ச தண்ணி சேக்கறவங்களும் உண்டு. கிரொஸ்டினின்னு ரொட்டித் துண்டு மேல பழுப்பா தடவி வந்தா அது கோழி ஈரல். பெக்கோரினோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ், சாதாரணமா கன்னுக்குட்டி இல்ல ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற ரென்னட் வெச்சு உறைய வைக்கறது, கண்டிப்பான சைவம்னா அதையும் தவிர்க்கணும். டஸ்கனி ரொட்டில உப்பே இருக்காது, முதல் கடி சப்புன்னு இருக்கும், ஆனா உப்புச் சீஸும், அசைவம் சாப்பிடறவங்களுக்கு சோம்பு போட்ட ஃபினொக்கியோனா சலாமியும் சேரும்போது அந்த ரொட்டிதான் சரின்னு புரியும்.

வழியில கிரேவேல நிறுத்தினா அந்த முக்கோண மைதானத்துல வளைவுத் திண்ணை ஓரமா ஒரு காபி குடிங்க. நடுவுல நிக்கற சிலை ஜியோவன்னி டா வெர்ரஸானோ, 1524ல நியூயார்க் துறைமுகத்துக்குள்ள கப்பல் விட்டவர், அங்க பாலத்துக்கு வெச்ச பேர் இவரோடதுதான்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்ல மாசங்க. செப்டம்பர் கடைசில போனா அறுவடை நடந்துட்டிருக்கும், டிராக்டர்ல குவிச்ச திராட்சையோட புளிச்ச வாசனை ரோட்டுக்கே வரும். ஜூலை ஆகஸ்ட் வேணாம், ஏ.சி. கிடையாது, உங்களுக்கும் என்ஜினுக்கும் சூடு.

புக் பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் மெயில்ல கேட்டு பதிலை வெச்சுக்கோங்க: நிஜமாவே நாமதான் ஓட்டறோமா (சில இடத்துல டிரைவர் ஓட்டுவார், நாம உக்காந்து வர்றது), முன்னாடி ஒரு கைடு வண்டி போகுமா இல்ல தனியா விடுவாங்களா, இடிச்சா நம்ம கையிலேர்ந்து எவ்ளோ கட்டணும், வண்டி நின்னா மாத்து வண்டி உண்டா. முதல் தடவைன்னா கைடு பின்னாடி வரிசையா போறதுதான் நல்லது, வழி தேடற கவலை இல்லாம கியர்ல கவனம் வைக்கலாம். ஃப்ளாரன்ஸ் பழைய ஊருக்குள்ள அனுமதி இல்லாத வண்டி நுழைஞ்சா கேமரா புடிச்சு அபராதம் மாசக்கணக்குக்கு அப்புறம் கூட வீடு தேடி வரும், அதனால ஊருக்கு வெளிய கிளம்பற டூரா பாருங்க. நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் கட்டாயம் வேணும், கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

பாட்டில் வாங்கறதா இருந்தா ஆளுக்கு ரெண்டோட நிறுத்திக்கோங்க. முன்னாடி டிக்கில பெட்ரோல் டேங்க்கும் ஸ்டெப்னியும் போக இடமே இல்லை, இந்தியா திரும்பும்போது வரியில்லாம ஆளுக்கு 2 லிட்டர்தான் கொண்டு வரலாம். மூணாவதா ஒண்ணு வாங்கினா அதை அன்னைக்கு ராத்திரியே சாவியைத் திருப்பிக் குடுத்தப்புறம் ரூம்ல ரெண்டு பேரும் திறந்துடுங்க.