சட்டம் கேளுங்கள்: கட்டளையை மீறி வருபவர்

கேள்வி: கணவருக்கு எதிராக நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை கிடைத்த பின்பும் அவர் இரவில் படலையடியில் நின்று கத்துகிறார். பொலிஸாரோ, "குடும்பச் சண்டைதானே, பேசித் தீருங்கள்" என்கிறார்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி கட்டளையை மீறுவது ஓராண்டு வரையான சிறையோ 10,000 ரூபாய் வரையான தண்டமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் என்பதால், சமரசம் பேசி அனுப்புவது பொலிஸாரின் வேலையன்று. முதலில் கட்டளையை வாசித்துப் பாருங்கள். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், படலைக்கு வெளியே நின்றேன் என்ற சாட்டு எடுபடாது. அவர் வந்த திகதி, நேரம், சொன்ன சொற்கள், எட்டிப் பார்த்த அயலவர் ஆகியவற்றை அன்றன்றே கொப்பியில் எழுதி, கட்டளைப் பிரதியுடன் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிய மறுத்தால், சட்டத்தரணி மூலம் கட்டளையிட்ட நீதவானுக்கே அறிவியுங்கள். கணவர் படலையில் நிற்கும்போதே அழைக்கவேண்டியது பொலிஸ் அவசர இலக்கமான 119.