குரல் உடையும் வயதில் கோரஸ்

கேள்வி: கோடை விடுமுறை சேர்ந்திசை வகுப்பில் பாடும் என் 13 வயது மகனுக்கு, உச்சத்துக்குப் போனால் குரல் பிசிறடிக்கிறது. நிறுத்திவிடலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: நிறுத்தவே வேண்டாம். இந்த வயதில் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையிலான தூரம்) இறங்கும். சொப்ரானோ என்னும் உச்சக்குரல் வரிசையிலிருந்து கீழ்க்குரல் வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள். கொஞ்ச காலத்துக்கு ஐந்தாறு ஸ்வரங்கள்தான் சுகமாக வரலாம். அதற்குள் பாடட்டும், எட்டாத இடத்தை விட்டுவிடட்டும். தொடங்குமுன் 10 நிமிடம், உதட்டை 'ப்ர்ர்' என்று அதிரவிட்டு, குரலை மேல் ஸ்வரத்திலிருந்து கீழ் ஸ்வரத்துக்கு வழுக்கிக் கொண்டுவர வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் ஃபேன் இரைச்சலை மீறப் பிள்ளைகள் கத்திவிடுவார்கள்; தொண்டை கட்டுவது பெரும்பாலும் அதனால்தான். பாடும்போதாவது ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்கள். கரகரப்பு 3 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.