பேட்டரியில் ஓடும் ஜிபிஎஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஆர்டுயினோ உனோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டோடு நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் மாட்யூலை இணைக்கப் போகிறேன். நாலு கம்பிதானே, எதில் கவனம் வேண்டும்?

பதில்: ஒரே ஒரு கம்பியில்தான் ஆபத்து. மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும் கால்) நேராக உனோவின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் கால்) போகலாம். ஆனால் உனோவிலிருந்து மாட்யூலுக்குப் போகும் கம்பியில் 5 வோல்ட் வரும்; சிப்புக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வைத்து வோல்டேஜைக் குறையுங்கள். இடத்தை வாசிப்பது மட்டுமே வேலை என்றால் அந்தக் கம்பியே வேண்டாம். தகவல் போகும் வேகம் 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். அப்புறம், முதல் சோதனையை மொட்டை மாடியில் செய்யுங்கள், மேசையில் வேண்டாம்.

கேள்வி: நான் நிற்பது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம். மேப் போரூரைக் காட்டுகிறது. மாட்யூல் போலியா?

பதில்: மாட்யூல் நன்றாகத்தான் இருக்கிறது. மாட்யூல் தந்ததாக நீங்கள் அனுப்பிய வரியில் அட்சரேகை 1304.9620, தீர்க்கரேகை 08016.2420 என்று இருக்கிறது. புள்ளியை இரண்டு இடம் தள்ளி 13.0496, 80.1624 என்று எடுத்துக்கொண்டீர்கள். அது தப்பு. 13 டிகிரி, 4.9620 நிமிடம் என்று படிக்க வேண்டும். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் 0.0827. ஆக 13.0827. அதேபோல் 16.2420-ஐ வகுத்தால் 0.2707. ஆக 80.2707. சென்ட்ரல் வந்துவிட்டதா? இந்தத் தப்பில் நீங்கள் 12 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தீர்கள். நிமிடம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதே தப்பு கண்ணுக்கே தெரியாது. ஒரே ஊரில் சோதித்துவிட்டு 'சரியாக வருகிறது' என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டுகிறது.

பதில்: அது உலகப் பொது நேரம். 5:30 கூட்டுங்கள். நள்ளிரவைத் தாண்டினால் தேதியையும் மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: அறைக்குள் அரை மணி நேரம் வைத்தும் ஃபிக்ஸ் (இருக்கும் இடம்) கிடைக்கவில்லை.

பதில்: சிக்னல் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டிலிருந்து வருகிறது. கான்கிரீட் கூரையைத் தாண்டும் பலம் அதற்கு இல்லை. மொட்டை மாடிக்குப் போங்கள்.

கேள்வி: மாட்டின் கழுத்துப் பட்டையில் பொருத்தி மணிக்கு ஒரு தடவை இடம் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் வாங்கட்டுமா?

பதில்: நல்ல கேள்வி. சிப்பை மாற்றுவதற்கு முன், அது எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்று பாருங்கள். சாட்டிலைட் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொல்கிறது. அந்த விவரம் 30 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்த வேகம் மாறாது. ஒன்றும் நினைவில் இல்லாத சிப் ஏறக்குறைய அரை நிமிடம் கேட்டே ஆக வேண்டும். 45 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 0.375 மில்லி ஆம்பியர்-மணி. 24 தடவைக்கு 9. சிப்பின் பேக்கப் காலுக்கு மட்டும் 3 வோல்ட் விடாமல் கொடுத்தால், கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு சில நொடியில் இடம் சொல்லிவிடும். அதற்கு ஆகும் செலவு 22 மைக்ரோ ஆம்பியர். நாளுக்கு அரை மில்லி ஆம்பியர்-மணி. போர்டில் எரியும் எல்இடியையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: இதை ஏற்க மாட்டேன். நான் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கிறேன். பூஜ்யத்தைவிடக் குறைவாக ஏதாவது உண்டா?

பதில்: துண்டித்த நேரத்தில் பூஜ்யம்தான். மறுபடி போடும்போது அரை நிமிடக் கணக்கு தொடங்கிவிடுகிறதே! உங்கள் கருவி எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை விழிக்கிறது?

கேள்வி: நாளுக்கு ஒரு தடவை. கிணற்று மோட்டார் திருட்டுப் போகாமல் இருக்க.

பதில்: அப்படியானால் உங்களுக்கு நீங்கள் சொன்னதே சரி. சாட்டிலைட் சொன்ன அந்த விவரம் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் செல்லும். மறுநாள் விழிக்கும்போது எல்லாம் பழசு. எப்படியும் அரை நிமிடம் கேட்க வேண்டும். பேக்கப்புக்குக் கொடுத்த அரை மில்லி ஆம்பியர்-மணி வீண்.

கேள்வி: அப்போ மாட்டுப் பட்டையிலும் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை விவரம் பழசாகுமே? உங்கள் கணக்கு உதைக்கிறது.

பதில்: உதைக்கவில்லை, அதையும் சேர்த்தே போடலாம். 24-இல் 6 தடவை முழு அரை நிமிடம்: 2.25. மீதி 18 தடவை மூன்று நொடி வீதம்: 0.68. பேக்கப் 0.53. மொத்தம் மூன்றரைக்குள். துண்டித்தால் 9. மாட்டுக்குப் பேக்கப், மோட்டாருக்குத் துண்டிப்பு. ஆனால் அந்த 6 தடவையும் ஃபிக்ஸ் கிடைத்தவுடன் அணைக்காமல் முழு அரை நிமிடம் விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் புது விவரம் முழுதாக இறங்காது.

கேள்வி: சார், வீட்டுக்குள் ஃபிக்ஸ் வரலை, என்ன செய்ய?

பதில்: மேலே சொல்லியாகிவிட்டது. மொட்டை மாடி.

கேள்வி: ஜன்னல் ஓரம் போதாதா?

பதில்: பாதி வானம் போதாது. மாடி.

கேள்வி: மாட்யூல் அனுப்பும் வரிகள் பாதியில் வெட்டுப்பட்டு வருகின்றன.

பதில்: புரோகிராமில் ஒரு நொடி டிலே (காத்திருப்பு) வைத்திருப்பீர்கள். வரும் எழுத்துகளைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் உனோவின் சீரியல் பஃபர் 64 எழுத்துதான் தாங்கும். மாட்யூல் ஒவ்வொரு நொடியும் நூற்றுக்கணக்கான எழுத்துகளை அனுப்புகிறது. டிலேயை எடுத்துவிட்டு, வர வர வாசியுங்கள்.

கேள்வி: நியோ-6எம்-இல் நமது நாவிக் (இந்தியாவின் சொந்த சாட்டிலைட் வழிகாட்டி அமைப்பு) வருமா?

பதில்: வராது. அதற்கென்று வந்திருக்கும் வேறு சிப்தான் வாங்க வேண்டும்.